13 முதல் 17 வயது வரை: ஆண்டுக்குப் பத்து நாவல், எதை எந்த வரிசையில் கொடுப்பது?

இளவேனில்

வணக்கம். 13 முதல் 17 வயது வரை உள்ள 12 பேருக்கு ஒரு வாசிப்பு வட்டம் தொடங்குகிறது. தேர்வு மாதங்கள் இரண்டைக் கழித்தால் ஆண்டுக்குப் பத்து நாவல். அத்தனை பேருக்கும் தமிழ் தட்டுத்தடங்கல் இல்லாமல் வாசிக்க வரும். ஆனால் பாடநூலுக்கு வெளியே ஒரு நாவலைக் கடைசிப் பக்கம் வரை முடித்தவர்கள் நாலு பேர்தான். மற்றவர்கள் சிறுகதை, காமிக்ஸ், கைபேசித் தொடர்கள் வரை வந்திருக்கிறார்கள்.

முதல் வரைவு இது: பொன்னியின் செல்வன், மோகமுள், ஒரு புளியமரத்தின் கதை, பதேர் பாஞ்சாலி, வெக்கை, விலங்குப் பண்ணை, கடலும் கிழவனும். மீதி மூன்று இடங்களுக்கும் அண்மைக் கால நாவல்கள் வேண்டும்.

நான்கு விஷயங்களில் தெளிவு தேவை. ஒரு நாவல் இந்த வயதுக்கு எட்டுமா என்பதை எப்படி அளப்பது? செவ்வியல் நாவல்களின் சுருக்கப் பதிப்பைக் கொடுக்கலாமா? கொலை, பாலியல், சாதி வசவு வரும் நாவல்களை எந்த வயதில் வைப்பது? மொழிபெயர்ப்பு நன்றாக இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது?

நூலடுக்கு

பட்டியலில் இருப்பவை எல்லாமே நல்ல நாவல்கள். ஆனால் இந்த 12 பேருக்கு இதே வரிசையில், மாதம் ஒன்று என்று கொடுத்தால் மூன்றாவது மாதத்தில் வட்டத்தில் ஐந்து பேர்தான் மிஞ்சுவார்கள்.

‘கடினமான நாவல்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் மூன்று தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. மொழி ஒன்று: தெரியாத சொல், நீண்ட வாக்கியம், வட்டார வழக்கு. கட்டமைப்பு இன்னொன்று: எத்தனை பாத்திரங்கள், காலம் முன்னும் பின்னும் போகிறதா, கதை எந்தப் பக்கத்தில் பிடி கொடுக்கிறது. மூன்றாவது பொருளின் கனம்: அந்த வாசகருக்கு அதைத் தாங்கவோ அக்கறைப்படவோ காரணம் இருக்கிறதா. ஒரு நாவலில் இவற்றில் ஒன்று கூடுதலாக இருந்தால் புதிய வாசகர் சமாளித்துவிடுவார். இரண்டு கூடினால் பக்கத்தில் ஆள் வேண்டும். மூன்றும் கூடினால் புத்தகம் 40ஆம் பக்கத்தோடு அலமாரிக்குப் போய்விடும்.

காம்யுவின் ‘அந்நியன்’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னச் சின்ன வாக்கியங்கள், மெலிந்த புத்தகம். அதைப் பார்த்து 13 வயதுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மொழியும் கட்டமைப்பும் எளிமை, பொருள் மட்டும் மலை போன்றது. தாயின் சாவுக்கு அழாத ஒருவன் ஏன் ஒரு நாவலின் நாயகன் என்ற கேள்வி 16, 17 வயதில்தான் உறைக்கும். எதிர்ப்பக்கம் பொன்னியின் செல்வன்: பொருள் எளிது, மொழி எளிது, ஒவ்வொரு அத்தியாயமும் கொக்கி போட்டு முடியும். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர் என்பதால் அமைந்த கட்டு அது. அங்கே தடை நீளமும் பாத்திரக் கூட்டமும்தான்.

இப்போது அளவு. ஒவ்வொருவரிடமும் ஒரு புதிய நாவலைக் கொடுத்து மூன்று பக்கம் மௌனமாக வாசிக்கச் சொல்லி நேரம் குறியுங்கள். 9 நிமிடம் ஆனால் பக்கத்துக்கு 3 நிமிடம். நாளைக்கு 25 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் வாரம் 40 பக்கம், மாதம் 160 பக்கம். அந்த வாசகரின் மாதக் கொள்ளளவு அவ்வளவுதான். பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் சேர்ந்து 2,000 பக்கத்தைத் தாண்டும். 2,000 பக்கமென்றே வைத்தாலும் இந்த வேகத்தில் 50 வாரம். ஆண்டு முழுவதும் அது ஒன்றுதான். வட்டத்தின் சராசரியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மெதுவாக வாசிக்கும் நான்கு பேரின் வேகம் எதுவோ, அதுதான் பட்டியலின் பக்க வரம்பு. வேகமாக வாசிப்பவருக்கு உபரியாக ஒன்று கொடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து சொல் சோதனை. நாவலின் நடுவிலிருந்து ஒரு முழுப் பக்கம் எடுங்கள், ஏறத்தாழ 250 சொல் இருக்கும். பொருள் தெரியாத சொற்களை அடிக்கோடிடச் சொல்லுங்கள். 5 வரை இருந்தால் தனியாக வாசிக்கலாம். மொழி கற்பிப்பவர்கள் சொல்லும் 98 விழுக்காடு என்ற அளவும் இதேதான். 6 முதல் 12 வரை வந்தால் முதல் இரண்டு அத்தியாயங்களைச் சேர்ந்து வாசியுங்கள். அதற்கு மேல் போனால் ஓராண்டு கழித்துப் பார்க்கலாம். முதல் பக்கத்தில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். முதல் பக்கம் எப்போதும் எழுத்தாளர் மெருகேற்றிய பக்கம், நடுப்பக்கம்தான் நிஜ மொழி.

உங்கள் வரைவை வைத்துச் சொல்வதானால்:

பொன்னியின் செல்வனுக்குப் பதில் பார்த்திபன் கனவு. அதே கல்கி, அதே கொக்கிகள், ஆள் மாறாட்டம், மர்மம், மூன்றே பாகம். சிவகாமியின் சபதத்தை முதலில் படிக்க வேண்டுமோ என்று சிலர் தயங்குவார்கள். கதைக் காலத்தில் சபதம் முந்தியது, ஆனால் கல்கி எழுதியது பார்த்திபன் கனவைத்தான் முதலில் (1941–43). சபதம் 1944இல்தான் தொடங்குகிறது. ஆகவே இதை முதலில் வாசிப்பதில் ஒரு குறையும் இல்லை. இதைக்கூட இரண்டு மாதத்துக்கு, அதுவும் விடுமுறையை ஒட்டி, வையுங்கள்.

மோகமுள் வேண்டாம், குறைந்தது இந்த ஆண்டு. பாலியல் பற்றிய பயம் காரணமில்லை. அதன் இழுவிசை முழுக்க பாபுவின் மனத்துக்குள்ளேயும் சங்கீதத்துக்குள்ளேயும் நடக்கிறது. தன்னைவிட மூத்த பெண் மேல் பல ஆண்டுகள் நீளும் ஏக்கம் 14 வயதுக்குச் செய்தியாகத்தான் போய்ச் சேரும், உணர்வாகப் போகாது. தி. ஜானகிராமனை இந்த வயதில் தோற்கடித்துவிட்டால் 25 வயதில் திரும்பி வரமாட்டார்கள். அதுதான் எனக்கு உண்மையான கவலை.

ஒரு புளியமரத்தின் கதையில் தாமோதர ஆசான் கதை சொல்லும் முற்பகுதி எல்லா வயதுக்கும் பிடித்துவிடும். பிறகு கடைக்காரர்களின் போட்டி, நகராட்சித் தேர்தல், பத்திரிகை என்று நாவல் திரும்பும் இடத்தில்தான் இளைய வாசகர்கள் உதிர்வார்கள். அங்கதம் பிடிபட ஊர் அரசியல் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 16 வயதுக்கு மேல் வையுங்கள்.

பதேர் பாஞ்சாலி தாராளமாக வைக்கலாம், ஒரு முன்னறிவிப்போடு: தொடக்கத்தில் கிழவி இந்திர் தாக்ருண் பற்றிய பகுதி இருக்கிறது, அபுவின் உலகம் அதற்குப் பிறகுதான் திறக்கும். இதைச் சொல்லாமல் கொடுத்தால் ‘கதை எப்போது வரும்’ என்று காத்திருந்தே களைத்துவிடுவார்கள்.

கரிசல்வெயில்

வெக்கையை எடுத்துடாதீங்க. முதலாவதா வைக்காதீங்க, அவ்வளவுதான். அதுக்கு முன்னாடி வாடிவாசல் வரணும்.

காரணம் சொல்றேன். வட்டார வழக்கு நாவலை நூலடுக்கு சொன்ன சொல் சோதனையில அளந்தா எல்லாமே தோத்துப்போகும். பக்கத்துக்கு 20 சொல் தெரியாம இருக்கும். ஆனா அதுல பாதி கண்ணுக்குத்தான் புதுசு, காதுக்குப் பழசு. ‘வந்துக்கிட்டிருக்காக’ன்னு அச்சுல பாத்தா திகைக்கிற பிள்ளை, சத்தமா வாசிச்சா உடனே சிரிக்கும். அதனால வழக்கு நாவலுக்குச் சோதனை வேற. ஒரு பக்கத்தைச் சத்தமா வாசிச்சுக் காட்டிட்டு, அப்புறமும் புரியாத சொல் எத்தனைன்னு எண்ணுங்க. அந்த எண்ணிக்கைதான் சரியான அளவு.

கொடுக்குற முறை இது. முதல் நாலு பக்கத்தைப் பேச்சு ஓட்டத்துல, நிறுத்தாம, ஒருத்தர் வாசிக்கணும். பொருள் சொல்ல நடுவுல நிறுத்தக் கூடாது. முடிஞ்சதும் பதினஞ்சு சொல்லுக்குள்ள ஒரு பட்டியல்: மாடு, நிலம், உறவு, கருவி சம்பந்தப்பட்ட சொற்கள். அம்பது சொல் கொடுத்தா அது பாடமாயிடும். மீதிச் சொற்கள் இடத்தை வெச்சுத் தானா விளங்கும்.

வாடிவாசல் ஏன் முதல்ல? மெலிசான புத்தகம், மெதுவா வாசிக்கிறவங்களும் ஒரு வாரத்துல முடிச்சிருவாங்க. ‘ஒரு நாவல் முடிச்சிட்டேன்’ங்கற நிறைவு முதல் வாரத்துலயே கைக்கு வந்துரும். இடம் ஒண்ணு, பொழுது ஒண்ணு, மோதல் ஒண்ணு: அப்பனைக் கொன்ன காரிக் காளையை அணைய வர்ற பிச்சி. வழக்கு கடுமையானதுதான், ஆனா கட்டமைப்பு நேர்கோடு. நூலடுக்கு சொன்ன கணக்குல ஒரு சிக்கல் மட்டும் கூட.

அதுக்கு அடுத்தோ அதுக்கு அடுத்த மாசமோ கடலும் கிழவனும் வையுங்க. ரெண்டையும் ஜோடியாப் பேசலாம். ரெண்டுலயும் ஒரு மனுசன், ஒரு விலங்கு, பார்த்துக்கிட்டு நிக்கிற ஊர். ரெண்டுலயும் ஜெயிச்சவன் கையில கடைசியா என்ன மிஞ்சுதுன்னு கேட்டா போதும், ஒரு மணி நேரம் பேசுவாங்க. ஒரு செவ்வியல் நாவலைத் தனியா நிறுத்தினா சிலையாத் தெரியும், ஜோடி போட்டாத்தான் மூச்சு வரும்.

வெக்கை (1982) 15 வயசுப் பையனோட கதை. வட்டத்துல பாதிப் பேருக்கு அதே வயசு. முதல் பக்கங்கள்லயே வெட்டு நடந்து முடிஞ்சிருது. மீதி நாவல் முழுக்க அப்பனும் மகனும் ஒளிஞ்சு திரியறது: எங்க தண்ணி, எதைச் சுட்டுத் திங்கறது, யாரை நம்பறது. வன்முறையைக் கொண்டாடாம அதோட பாரத்தைச் சுமக்க வைக்கிற நாவல் அது. ‘அசுரன்’ படம் பார்த்தவங்க ‘கதை தெரியும்’னு உக்காந்திருப்பாங்க. படத்துல வர்ற தந்தையோட நீண்ட முன்கதை நாவல்ல அந்த வடிவத்துல கிடையாது. படம் வேகம், நாவல் காத்திருப்பு. அதை முதல்லயே சொல்லிருங்க, இல்லேன்னா சண்டை வரும்னு கடைசி வரை பாத்துக்கிட்டே இருப்பாங்க.

கி.ரா.வோட கோபல்ல கிராமம் (1976) நல்ல தேர்வு. ஆனா அதுக்கு நாயகன் இல்ல. கதைக்குள்ள கதை, ஒரு ஊர் எப்படி உண்டாச்சுங்கறதுதான் மையம். நேர்கோட்டுக் கதை பழகின பிள்ளைங்க ‘யாரோட கதை இது’ன்னு கேப்பாங்க. ஆறாவது ஏழாவது புத்தகமா வையுங்க.

இளவேனில்

மிக்க நன்றி, இருவருக்கும். வாடிவாசல் முதல் மாதம் என்று முடிவாகிவிட்டது. மூன்றாவது கேள்விதான் இன்னும் உறுத்துகிறது. பெற்றோரில் சிலர் ‘கெட்ட வார்த்தை இல்லாத நாவல்’ என்று கேட்கிறார்கள். பதினெட்டாவது அட்சக்கோடு, கூளமாதாரி இரண்டையும் அதனால்தான் வரைவில் சேர்க்கத் தயங்கினேன்.

நிழல்தாங்கல்

ஒரு நாவலில் கெட்ட வார்த்தை இருக்கிறதா என்பது பயன் குறைந்த கேள்வி. கூளமாதாரியில் ஆடு மேய்க்கும் சிறுவர்கள் மேல் விழும் வசவுகளை நீக்கிவிட்டால் அவர்கள் மேல் செலுத்தப்படும் அதிகாரமே தெரியாமல் போய்விடும். எந்த நாவலையும் வட்டத்துக்குக் கொண்டுவரும் முன் யாராவது ஒரு பெரியவர் முழுதாக வாசித்திருக்க வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் குறைந்தபட்சம் 40 நிமிடம் ஒதுக்குங்கள்: முதல் 10 பக்கம், மூன்றில் ஒரு பங்கு தாண்டிய இடத்தில் 10 பக்கம், கடைசி இரண்டு அத்தியாயம். இளைய வாசகரை நிலைகுலைய வைப்பது பெரும்பாலும் முடிவில்தான் இருக்கும். பின்னட்டை அதைச் சொல்லாது.

வாசிக்கும்போது நான்கு கேள்விகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொடுமை கண்முன் நடக்கிறதா, பின்னால் சொல்லப்படுகிறதா? அதன் விளைவை நாவல் தொடர்ந்து பார்க்கிறதா, அடுத்த அத்தியாயத்தில் மறந்துவிடுகிறதா? அடக்குவதையும் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதையும் காதல் என்று காட்டுகிறதா? தற்கொலை வந்தால், வழிமுறையை விவரித்து அதை ஒரு தீர்வு போல நிறுத்துகிறதா? கடைசி இரண்டுக்கும் ‘ஆம்’ என்று வந்தால் நான் பட்டியலில் சேர்க்கமாட்டேன், மொழி எவ்வளவு கண்ணியமாக இருந்தாலும். பல பழைய சரித்திரத் தொடர்களில் ஒரு கெட்ட வார்த்தை இருக்காது, ஆனால் பெண்ணை வருணிக்கும் பக்கங்கள் பெண்ணைப் பொருளாக்கியே நகரும். பெற்றோர் அவற்றை ஆட்சேபிப்பதே இல்லை.

பதினெட்டாவது அட்சக்கோடு (1977) கிரிக்கெட் ஆடும் கல்லூரிப் பையன் சந்திரசேகரனோடு, சிக்கந்தராபாத்தில் இயல்பாகத் தொடங்குகிறது. 1947–48இல் ஐதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு இணையும் காலம். நகரம் பிளவுபடுவது மெல்லத்தான் தெரியவரும். கடைசிக் காட்சியில், கலவரத்துக்கு அஞ்சி நிற்கும் ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு சிறுமி தன்னையே கொடுக்க முன்வருகிறாள். ஆபாசத்துக்கு அதில் இடமே இல்லை. தமிழ் நாவலில் குற்றவுணர்வை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன பக்கங்கள் மிகக் குறைவு. அந்தப் பக்கத்தோடு 13 வயதுப் பிள்ளையைத் தனியே விடக்கூடாது, 17 வயதுப் பிள்ளைக்கு அதை மறைக்கவும் கூடாது. வட்டத்தை அந்த மாதம் இரண்டாகப் பிரியுங்கள். 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இது. இளையவர்களுக்கு உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கொடுக்கலாம். கீழடியைப் பின்னணியாகக் கொண்டது, 2023இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. இரண்டு குழுவும் கடந்த காலத்தைப் பற்றியே பேசும், கூட்டத்தைச் சேர்த்தே நடத்தலாம்.

கூளமாதாரி (2000) 14 வயது முதல் கொடுக்கலாம். முடிவு இருண்டது. அதனால் அதற்கு அடுத்த மாதம் கனம் குறைந்த நாவல் ஒன்றை வையுங்கள். இரண்டு துயர நாவல்கள் அடுத்தடுத்து வந்தால், ‘நல்ல நாவல் என்றால் அழ வைப்பது’ என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’ உங்கள் வரைவில் இல்லை, சேருங்கள். குறுநாவல்தான். தானே அரைகுறையாகப் படித்த தூய்ஷேன் ஒரு பழைய லாயத்தைப் பள்ளிக்கூடமாக்குகிறான். அங்கே படிக்கும் அனாதைச் சிறுமி அல்தினாய் கட்டாயமாக மணம் முடித்துக் கொடுக்கப்படுகிறாள். பலவந்தம் நடக்கிறது என்பது தெரியும், விவரிப்பு இல்லை. 13 வயதுக்குக் கொடுக்கலாம். ஆனால் கூட்டத்தில் அந்தப் பகுதியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். கேள்வி வரும், நேராகப் பதில் சொல்லுங்கள்.

பெற்றோருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் கொடுத்துவிடுங்கள்: நாவலின் பெயர், அதில் என்ன வருகிறது, எதற்காக அதைத் தேர்ந்தெடுத்தோம், விருப்பமில்லை என்றால் அந்த மாதத்துக்கு மாற்று நாவல் எது. முன்கூட்டியே சொன்னால் ஆட்சேபம் பாதியாகக் குறையும். நடுவில் தெரியவந்தால் அந்த ஒரு நாவலோடு நிற்காது, வட்டமே நின்றுபோகும்.

இன்னொன்று. வரலாற்றுப் பேரழிவு பற்றிய நாவலுக்கு உண்மைச் சோதனை கட்டாயம். ‘தி பாய் இன் தி ஸ்ட்ரைப்ட் பஜாமாஸ்’ (2006) இளையோருக்குப் பரவலாகக் கொடுக்கப்படுவது. நாஜி வதைமுகாம் எப்படி இயங்கியது என்பதற்கு அது நம்பத்தக்க சித்திரம் இல்லை. அந்த வரலாற்றைப் படிப்பவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும் என்று ஆஷ்விட்ஸ் நினைவகமே 2020இல் சொல்லியிருக்கிறது. ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு நாவல் இல்லைதான், ஆனாலும் அந்த இடத்தில் அதையே வைப்பேன்.

பெயர்ப்புமேசை

சுருக்கம், மொழிபெயர்ப்பு இரண்டையும் பற்றி.

முதலில், கையில் இருப்பது முழு நாவலா என்று தெரிந்துகொள்ள வேண்டும். தலைப்புப் பக்கத்தில் ‘சுருக்கம்’, ‘மறுஆக்கம்’, ‘தழுவல்’ என்று இருக்கிறதா பாருங்கள். பல பதிப்புகளில் எதுவுமே இருக்காது. அப்போது அத்தியாயங்களை எண்ணுங்கள். டிரெஷர் ஐலண்ட் 34, ஜேன் ஐர் 38, கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ் 59, பிரைட் அண்ட் பிரெஜுடிஸ் 61, விலங்குப் பண்ணை 10. கையில் உள்ள கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ் 22 அத்தியாயத்தில் முடிந்தால் அது எலும்புக்கூடு. கடலும் கிழவனும் மூலத்தில் அத்தியாயப் பிரிவே கிடையாது. தமிழில் பிரித்திருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

சுருக்கத்தில் எது போகிறது? நிகழ்ச்சி போகாது. குரல் போய்விடும், நகைச்சுவை போய்விடும், பாத்திரம் மனம் மாறும் இடைவெளி போய்விடும். ஜேன் ஐரின் முதல் பத்து அத்தியாயங்கள் ஜேனின் சிறுவயதும் பள்ளியும். சுருக்குகிறவர்கள் முதலில் வெட்டுவது அதைத்தான். பதின்ம வாசகர் ஒட்டிக்கொள்வதோ அந்தப் பகுதியில்தான். அதனால் 600 பக்க நாவலைச் சுருக்கிக் கொடுப்பதைவிட 120 பக்க நாவலை முழுதாகக் கொடுங்கள். விலங்குப் பண்ணை மூலத்தில் ஏறத்தாழ 30,000 சொல், கடலும் கிழவனும் 27,000 சொல். பஷீரின் ‘பால்யகால சகி’ (1944) இவற்றைவிடவும் மெலிந்தது. செவ்வியல் என்றாலே தடிமன் என்று யார் சொன்னார்கள்? சுருக்கம் 12 வயதுக்குக் கீழே இருந்தால் பொறுத்துக்கொள்வேன். 13 முதல், முழு நூலுக்கான உரிமை அவர்களுக்கு உண்டு.

மொழிபெயர்ப்பைச் சோதிக்க பத்து நிமிடம் போதும். உரையாடல் நிறைந்த இரண்டு பக்கங்களைத் திறங்கள். முதலில் விளிப்பு. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே முன்னிலைச் சொல், தமிழில் நீ, நீங்கள், தாங்கள் என்று மொழிபெயர்ப்பாளர் முடிவெடுத்தே ஆக வேண்டும். இரண்டு சிறுவர்கள் ஒருவரையொருவர் ‘தாங்கள்’ என்று அழைத்தால், ஒரே ஆள் ஒரே ஆளை ஒரு பக்கத்தில் ‘நீ’, அடுத்த பக்கத்தில் ‘நீங்கள்’ என்றால், புத்தகத்தை மூடிவிடுங்கள். அதேபோல அவன், அவர் குழப்பம். பிறகு ‘ஒரு’ என்ற சொல்லை எண்ணுங்கள். ‘ஒரு மேசையின் மீது ஒரு விளக்கும் ஒரு புத்தகமும்’ என்று போனால் மொழிபெயர்த்தவர் சொல்லுக்குச் சொல் வைத்திருக்கிறார். ‘அவனால் கதவு திறக்கப்பட்டது’ என்ற செயப்பாட்டுவினை பக்கத்துக்கு மூன்று தடவைக்கு மேல் வந்தாலும் அப்படியே. கடைசியாக ஒரு பத்தியைச் சத்தமாக வாசியுங்கள். மூச்சு முட்டினால் வாசகருக்கும் முட்டும்.

எந்த மொழியிலிருந்து பெயர்க்கப்பட்டது என்பதையும் பாருங்கள். ‘குட்டி இளவரசன்’, ‘அந்நியன்’ இரண்டும் பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழுக்கு வந்தவை. குட்டி இளவரசனை வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் சேர்ந்து செய்தார்கள், அந்நியன் வெ. ஸ்ரீராம் செய்தது. அந்த மொழிபெயர்ப்புகளின் நடையை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். மலையாள நாவல்களில் வேறு வகைச் சறுக்கல் நடக்கும். இரண்டு மொழிக்கும் பொதுவான சொல்லை அப்படியே விட்டுவிடுவார்கள், தமிழில் அதற்கு வேறு பொருள் இருக்கும். வாக்கியம் சரியாகத் தெரியும், ஆனால் அர்த்தம் நழுவும். அப்படி ஓர் இடம் தட்டுப்பட்டால் அடுத்த ஐந்து பக்கத்தைக் கவனமாகப் பாருங்கள். ஒன்றுதான் என்றால் விடலாம்.

எழுத்தின் அளவையும் பாருங்கள். பல பதிப்பகங்கள் வெளியிடும் பழைய நாவல்களில் இடத்தை மிச்சப்படுத்த எழுத்தைப் பொடியாக்கி, பத்திகளை ஒட்டிவிடுவார்கள். ஒரே நாவல் ஒரு பதிப்பில் 250 பக்கம், இன்னொன்றில் 380 பக்கம் என்றால் தயங்காமல் 380 பக்கத்தை வாங்குங்கள். புதிய வாசகர் ஓடிப்போவதற்கு நாவலைவிடப் பக்கத்தின் அடர்த்தி பெரிய காரணம்.

மின்மினி

அறிவியல் புனைவை எல்லோரும் மறந்துவிட்டீர்களே! சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ இரண்டாவது மாதமே வர வேண்டும். 1980களில் எழுதியது, 2020களின் தொடக்கத்தில் நடப்பதாக அமைந்த கதை. குழந்தை பெறக்கூட அரசு அனுமதி வேண்டும், சர்வாதிகாரி ஜீவா, நிலா, ஜீனோ என்ற ரோபோ நாய். கதை நடக்கும் ஆண்டை நாம் கடந்துவிட்டோம் என்பதே பெரிய வசதி. ‘இதில் எது நடந்திருக்கிறது, எது நடக்கவில்லை’ என்று ஆளுக்கு மூன்று குறித்துக்கொண்டு வரச் சொன்னால் கூட்டம் தானாக ஓடும். அதன்பின் விலங்குப் பண்ணை வரட்டும். ஆட்சி எப்படிக் கையிலெடுக்கப்படுகிறது என்பதில் இரண்டும் ஒன்றோடொன்று பேசும். ரஷ்யப் புரட்சி பற்றிய ஒரு பக்கக் குறிப்பை நாவல் முடிந்த பிறகே கொடுங்கள். முன்பே கொடுத்தால் பன்றிக்குப் பன்றி யார் யார் என்று பொருத்திப் பார்ப்பதோடு நின்றுவிடுவார்கள், பாக்ஸர் என்ற குதிரைக்காக வருந்தமாட்டார்கள்.

வயது பற்றி ஒன்று. பிள்ளைகள் தங்களைவிட இரண்டு வயது மூத்த பாத்திரங்களைத்தான் தேடுவார்கள். 13 வயதுக்குப் பத்து வயது நாயகன் இருக்கும் கதையைக் கொடுத்தால் அவமானமாக எடுத்துக்கொள்வார்கள். யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ பாலியல் தொல்லை பற்றிச் சிறுவர்களிடம் பேசும் நல்ல நூல், 2020இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. ஆனால் அது 10, 11 வயதுக்கு உரியது. உங்கள் வட்டத்துக்கு வேண்டாம். தங்கை, தம்பிக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

14 முதல் 17 வயதுக்கென்றே எழுதப்பட்ட சமகால நாவல்கள் தமிழில் குறைவு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்திலும் வாசிக்கும் மூன்று நான்கு பேர் இருந்தால் அவர்களுக்குத் தனி அடுக்கு: ‘தி அவுட்சைடர்ஸ்’ (1967, ஆசிரியர் பதின்ம வயதிலேயே எழுதியது), ‘தி கிவர்’ (1993), மரணமே கதை சொல்லும் ‘தி புக் தீஃப்’ (2005), ‘தி ஹங்கர் கேம்ஸ்’ (2008). கடைசி நாவலை ‘வெறும் சண்டை’ என்று ஒதுக்காதீர்கள். பசியைக் காட்டி ஆள்வதும், அதைக் காட்சியாக்கி ரசிப்பதும்தான் அதன் பொருள். அதிலிருந்து விலங்குப் பண்ணைக்கு ஒரே எட்டு.

50 பக்க விதியையும் வைத்துக்கொள்ளுங்கள். 50 பக்கம் வாசித்தும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடலாம். ஆனால் எங்கே, ஏன் விட்டோம் என்று கூட்டத்தில் இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும்.

நூலடுக்கு

மின்மினியின் 50 பக்க விதியில் எனக்கு ஒரு திருத்தம் உண்டு. 90 பக்க நாவலில் 50 பக்கம் என்பது பாதிக்கு மேல், 500 பக்க நாவலில் அது வாசல்படி. ஐந்தில் ஒரு பங்கு என்று வையுங்கள். பதேர் பாஞ்சாலி போல இரண்டாம் பகுதியில்தான் திறக்கும் நாவலுக்கு அந்தப் பகுதியின் முதல் அத்தியாயம் வரை.

கூட்டத்தில் ‘இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்’ என்று மட்டும் கேட்காதீர்கள். நாவலின் அடிவயிற்றில் குத்தும் கேள்வி அது. ‘எந்தப் பக்கத்தில் கோபம் வந்தது, அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டு’ என்று கேளுங்கள். வாசிக்காதவர் யார் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும், யாரையும் கூசவைக்காமல்.

இளவேனில்

எல்லோருக்கும் நன்றி. திருத்திய வரிசை: 1. வாடிவாசல். 2. என் இனிய இயந்திரா. 3. விலங்குப் பண்ணை. 4. கடலும் கிழவனும், வாடிவாசலோடு சேர்த்துப் பேச. 5. முதல் ஆசிரியர். 6, 7. விடுமுறையை ஒட்டி பார்த்திபன் கனவு. 8. வெக்கை. 9. பால்யகால சகி. 10. மூத்தவர்களுக்குப் பதினெட்டாவது அட்சக்கோடு, இளையவர்களுக்கு ஆதனின் பொம்மை. பதேர் பாஞ்சாலி, கூளமாதாரி, கோபல்ல கிராமம் மூன்றும் வேகமாக வாசிப்பவர்களுக்கான உபரி அடுக்கில். நேரச் சோதனையை வரும் வாரம் வைக்கிறேன்.

கரிசல்வெயில்

நல்லா வந்திருக்கு. ஒரே ஒரு மாத்தம். வெக்கைக்கு அடுத்து பால்யகால சகி வேண்டாம். மெலிசா இருக்கேன்னு பாக்காதீங்க, மஜீதும் சுகறாவும் கடைசியில படற பாடு பெருசு. அதை 5க்குக் கொண்டுபோய், முதல் ஆசிரியரை 9க்குத் தள்ளுங்க. அதுலயும் துயரம் இருக்கு, ஆனா அல்தினாய் படிச்சு மேல வந்துருவா. வெக்கை முடிச்ச பிள்ளைக்கு அப்படி ஒரு கதவு திறந்திருக்கணும்.